பாட்டு பாதியில வேற பாட்டா மாறிடுச்சு, பென்டிரைவ் கோளாறுன்னு நிறுத்திட்டேன். இந்த மாதிரி ஆல்பத்த எப்படி கேக்கறது?

மைக்செட்காரன்_மஞ்சக்குப்பம்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல மைக்செட் வச்சிருக்கேன், 22 வருஷம் ஆச்சு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி, கோயில் திருவிழா, கட்சி மீட்டிங்குன்னு எல்லாத்துக்கும் கட்டிருக்கேன், குழாய் ஸ்பீக்கர்ல ஆரம்பிச்சு இப்ப டூயல் பேஸ் பாக்ஸ் வரைக்கும் வந்தாச்சு. பாட்டு விஷயத்துல எனக்கு பெரிய ஞானம்லாம் கெடையாது, ஆனா காதுல போட்டா எங்க இரையுது எங்க கிழியுதுன்னு சொல்லிடுவேன், அதுதானே பொழப்பு.

விஷயம் இதுதான். என் பொண்ணு பாண்டி பக்கம் ஒரு காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்குது. அங்க கல்ச்சுரல்ஸ். செட்டு நம்மளதுதான், புள்ள படிக்கற எடம்னு பாதி வாடகைக்கு போயிருந்தேன். பாப்பாவும் அது ஃப்ரெண்ட்ஸும் சேந்து 6 பேரு டான்ஸ், முதல் நாள் ரிகர்சல், பென்டிரைவ குடுத்துட்டு மேடைக்கு ஓடிடுச்சுங்க. பாட்டு போட்டேன், நல்லா கனமா பேஸோட ஏறுது, பாக்ஸ் குதிக்குது, சரி நல்ல பாட்டுதான்னு நெனச்சுக்கினு இருக்கேன், திடீர்னு பேஸு மொத்தமா காணாம போயி கிட்டார் வந்து பொண்ணுங்க வேற எதோ சிரிச்ச மாதிரி ஒரு பாட்ட பாடுதுங்க. மொதல்ல ஆம்ப் ப்ரொடெக்ஷன்ல (லோடு தாங்காம தானா கட் ஆகறது) போயிடுச்சோன்னு குனிஞ்சு லைட்ட பாத்தேன், பச்சைதான் எரியுது. அப்ப பென்டிரைவ்ல ரெண்டு பாட்டு ஒட்டிக்கிச்சு போலன்னு சத்தம் கூட்டி கொறைக்கற ஃபேடர கீழ எறக்கிட்டு, மேடை காலியா இருக்கக்கூடாதுன்னு பழக்க தோஷத்துல லேப்டாப்ல இருந்து ஒரு குத்துப்பாட்ட தட்டி விட்டுட்டேன். மேல பாத்தா 6 பொண்ணுங்களும் ஒரு கைய தூக்கினாப்பல அப்படியே நிக்குதுங்க. என் பொண்ணு பாத்த பார்வை இருக்கே, அத இங்க எழுத முடியாது.

ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் சோத்த போடும்போது "அது அப்படித்தாம்ப்பா இருக்கும், அதான் அந்த பாட்டே"ன்னு சொல்லிச்சு. கொரியா பொண்ணுங்களாம், என்மிக்ஸ்னு பேராம். 'புளூ வேலன்டைன்'னு 12 பாட்டு உள்ள ஆல்பம் ஒண்ண என் போன்ல ஏத்தி குடுத்து, "முழுசா கேட்டுட்டு வா, அப்புறம் பேசலாம்"னு உத்தரவு போட்டிருக்கு.

கேட்டேன், ரெண்டு தடவ. சிலது நல்லாவே கீது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு ராக்கு, ஒண்ணு டான்ஸு, ஒண்ணு வேற எதோ, சில பாட்டுல நடுவுலயே வேற ஊருக்கு போயிடுது. எத புடிச்சுக்கினு கேக்கறதுன்னு புரியல. நல்லதா கெட்டதான்னு நான் கேக்கல. இது யோசிச்சு செஞ்சதா, இல்ல ரெண்டு துண்ட எடுத்து ஃபெவிகால் போட்டதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அப்படியே, 27ஆம் தேதி மெயின் ப்ரோக்ராம், அன்னைக்கு லெவல் எங்க வைக்கறதுன்னும் சொன்னா புண்ணியமா போகும்.

---

லாஸ்பேட்டை_ஸ்வாலோ

அங்கிள் சத்தியமா சிரிச்சு முடியல, சாரி. உங்க பொண்ணு பக்கத்துல நான் இருந்திருந்தா நானும் ரெண்டு நாள் பேசிருக்க மாட்டேன்.

யோசிச்சு செஞ்சதுதான். என்மிக்ஸ் 2022 பிப்ரவரி 22ஆம் தேதி அறிமுகமானாங்க, ஜேஒய்பின்னு கொரியா பாட்டு கம்பெனி. வரும்போதே எங்க பாட்டுக்கு நாங்களே ஒரு பேரு வச்சிருக்கோம், மிக்ஸ் பாப்னு சொல்லிட்டுதான் வந்தாங்க, அதாவது ஒரே பாட்டுக்குள்ள ரெண்டு அல்லது அதுக்கு மேல வகைய கலக்கறது. முதல் பாட்டு 'ஓ.ஓ', நீங்க நிறுத்துனது அதுவாத்தான் இருக்கும். ஆரம்பம் பைலே ஃபங்க், அது பிரேசில்ல ரியோ பக்கத்து ஏழைங்க குடியிருப்புல இருந்து வந்த டான்ஸ் இசை, அதனாலதான் உங்க பாக்ஸு குதிச்சுது. அப்புறம் பாதியில டீனேஜ் பசங்க பாடுற பாப் ராக்கா மாறும், கடைசியில முதல் பீட்டுக்கே வரும். நீங்க மட்டும் இல்ல, அது வந்தப்ப உலகம் பூரா பாதி பேரு இன்னாடா இதுன்னுதான் கேட்டாங்க, ரசிகருங்களுக்குள்ளயே சண்டை. அப்ப 7 பேரு, அந்த வருஷ கடைசியில ஒருத்தங்க வெளிய போயிட்டாங்க, இப்ப லில்லி, ஹேவோன், சல்யூன், பே, ஜீவூ, க்யூஜின்னு 6 பேரு. (உங்க பொண்ணு டீமும் 6 பேரு, சும்மா அமைஞ்சது இல்ல.)

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். உங்க போன்ல இருக்கறது அவங்க முதல் முழு ஆல்பம், 2025 அக்டோபர்ல வந்தது. அதுக்கு முன்னாடி எல்லாம் சின்னச் சின்ன ஆல்பம்தான். அந்த 12 பாட்டுல 'ஓ.ஓ பார்ட் 1', 'ஓ.ஓ பார்ட் 2'ன்னு ரெண்டு இருக்கும் பாருங்க. இன்னா செஞ்சிருக்காங்கன்னா, 2022ல ஒட்டி வச்ச அந்த ரெண்டு துண்டையும் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் தனித்தனி முழு பாட்டா வளத்து விட்டிருக்காங்க. ஒட்டுனது தப்புன்னு திட்டுனவங்களுக்கு, சரி இந்தா பிரிச்சு தரேன் இப்ப கேளுன்னு சொன்ன மாதிரி எனக்கு பட்டுச்சு. நீங்க இப்படி கேளுங்க: மொதல்ல பார்ட் 1, அப்புறம் பார்ட் 2, அதுக்கப்புறம் பழைய 'ஓ.ஓ'. ரெண்டு பேரையும் தனியா பழகிட்டு அப்புறம் கல்யாணத்துக்கு போற மாதிரி.

ஆல்பத்தோட பேருலயே இருக்கற முதல் பாட்டுலயும் வேகம் மாறும், ஆனா அதுல வலிக்காது, கிட்டாரு சோகம் எல்லாம் சேந்து இழுத்துக்கினு போயிடும். கொரியாவுல மெலன்னு பாட்டு கேக்கற ஆப்போட சார்ட்ல அவங்களுக்கு முதல் தடவையா முதல் இடம் வாங்கி குடுத்தது அந்த பாட்டுதான். திட்டு வாங்கி மூணே முக்கா வருஷம் கழிச்சு.

எனக்கு இது எப்படி பழகுச்சுன்னா, எங்க பாட்டி வீடு வளவனூரு. பாண்டியில இருந்து விழுப்புரம் பஸ்ல போவேன். வில்லியனூர் நம்ம புதுச்சேரி, கண்டமங்கலம் வந்தா தமிழ்நாடு, திருபுவனை மதகடிப்பட்டு திரும்ப புதுச்சேரி, வளவனூர் மறுபடி தமிழ்நாடு. பிராந்திக்கடை போர்டு கூட்டமா வந்தா நம்ம ஏரியா, திடீர்னு காணாம போனா அவங்க ஏரியா. பஸ்ஸு ஒண்ணுதான், கண்டக்டர் ஒண்ணுதான், சீட்டுல தூங்கறவரு எழுந்திரிக்க கூட மாட்டாரு. இவங்க பாட்டும் எனக்கு அப்படித்தான். எந்த மாநிலம்னு பாத்துக்கினே இருந்தா தலை சுத்தும், பஸ்ஸ பாருங்க.

---

ஓட்டி_பழைய_காது

கடலூர் ஓட்டில (பழைய டவுன்) இருந்து. பாப்பா பஸ் கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு இது எலையில சாம்பார் ரசம் பாயசம் மூணையும் ஒரே நேரத்துல ஊத்தி பெசஞ்ச மாதிரிதான் கேக்குது. கலக்கறது ஒண்ணும் புதுசு இல்ல. ராஜா சார் 1986லயே 'ஹவ் டு நேம் இட்' போட்டாரு, தியாகராஜருக்கும் ஜெர்மனி இசையமைப்பாளர் பாக்குக்கும் (Bach) சமர்ப்பணம்னு, வயலினும் நம்ம ராகமும் எங்க சேருது எங்க பிரியுதுன்னு தையலே தெரியாது. அது கலவை. இது கத்திரி போட்டு வெட்டுனது. மைக்செட் தம்பி, நீ நிறுத்துனதுல தப்பே இல்ல, உன் காது சரியாத்தான் வேலை செய்யுது.

---

பேடு_வாசிக்கறவன்

நான் லைட் மியூசிக் குரூப்ல ரிதம் பேடு வாசிக்கறேன், ஊரு நெல்லிக்குப்பம். ஓட்டி அண்ணே சொன்னதுல பாதி சரி. தையல் தெரியாம தைக்கறது ஒரு வேலை, தையல் தெரியணும்னே கலர் நூல்ல தைக்கறது இன்னொரு வேலை. இவங்க ரெண்டாவது. அது நமக்கும் புதுசு இல்லண்ணே, நீங்க திருப்பாதிரிப்புலியூர்ல பாடலீஸ்வரர் வைகாசி திருவிழாவுக்கு போயிருப்பீங்க. சாமி கெளம்பும்போது கம்பீர நாட்டையில மல்லாரி ஆரம்பிக்கறாங்க. அதயே மூணு காலத்துல வாசிப்பாங்க. கீழ் காலத்துல ஆனை நடக்கற மாதிரி இருக்கறது மேல் காலத்துல குதிரை ஓடும். தெரியாதவனுக்கு வேற பாட்டு மாதிரி இருக்கும், தாளம் போடுறவன் கை மட்டும் அதே அளவுல விழுந்துக்கினே இருக்கும். ராகமாலிகையும் அப்படித்தான், ராகம் அஞ்சு மாறும், சுருதிப்பெட்டிய யாரும் தொட மாட்டாங்க.

நான் சொல்ல வர்றது, ஒட்டு எங்க இருக்கோ அங்க ஒரு பொருள் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா இருக்கும். அத கண்டுபுடிக்கறதுதான் கேக்கற வேலையே. மேடையில நாங்க பல பாட்ட கோத்து மெட்லி போடும்போது இத தெனம் பாக்கறோம். மெலடியில இருந்து குத்துக்கு தாவணும்னா ஒண்ணு எண்ணிக்கை பொதுவா இருக்கணும், இல்ல சுருதி பொதுவா இருக்கணும், ரெண்டும் இல்லன்னா பாடுறவர் குரலாவது விடாம இழுத்து அந்த பக்கம் கொண்டு போய் விடணும். மூணுமே இல்லாம தாவுனா கூட்டம் கை தட்டறத நிறுத்திடும், அடுத்த வருஷம் அந்த ஊருல கூப்பிட மாட்டாங்க. இந்த ஆல்பத்துலயும் அத வச்சு பாருங்க. ஒரு பாட்டு மாறும்போது உங்க கால் தட்டறது நிக்குதா, அப்படியே ஓடுதா? ஓடுனா எண்ணிக்கை பொதுவு. நின்னுச்சுன்னா அடுத்தது குரல பாருங்க, அதே ஆளு பாடுறாங்களா, வேற ஆளா. வேகமே மாறுதுன்னா பாதியாவோ ரெண்டு மடங்காவோ மாறுதான்னு கைல போட்டு பாருங்க. நான் கேட்டவரைக்கும் எல்லா ஒட்டும் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன், சிலது எனக்கும் முட்டுது. ஆனா கண்ண மூடிக்கிட்டு ஒட்டல.

இன்னொண்ணு, அந்த பிரேசில் பீட்டு மட்டும் இல்ல, லத்தீன் பக்கத்து டான்ஸ் பீட்டுல நெறைய எடத்துல 8 மாத்திரைய 3, 3, 2ன்னு பிரிச்சு அடிப்பாங்க. மிருதங்கக்காரர் வாயில சொன்னா தக்கிட தக்கிட தக. அத ஒரு பத்து தடவ வாயில சொல்லிட்டு போய் அந்த மாதிரி பாட்ட கேளுங்க, வெளியூர் பாஷை மாதிரி இருந்தது சொந்தக்காரன் மாதிரி ஆயிடும்.

லெவல் பத்தி. உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல, ஆனா இந்த பாட்டுக்கு ஒரு பொறி இருக்கு. பேஸு கனமான பகுதி முடிஞ்சு கிட்டார் பகுதி வந்ததும் சப்புக்கு (பேஸ் பாக்ஸுக்கு) வேலையே இருக்காது, காதுக்கு சத்தம் கொறஞ்ச மாதிரி தெரியும், கை தானா மாஸ்டர் வால்யூம ஏத்தும். ஏத்துனீங்கன்னா, முதல் பீட்டு திரும்ப வரும்போது ஒரேயடியா வந்து அடிச்சு அப்பதான் ஆம்ப் நெசமாவே ப்ரொடெக்ஷன்ல போகும். அதனால கனமான எடத்துல லெவல் வச்சு கொஞ்சம் எடம் விட்டுட்டு கைய எடுத்துடுங்க. பொண்ணுங்க யூட்யூப்ல இருந்து எறக்குன ஃபைல குடுத்திருந்தா வாங்காதீங்க, சிம்பல் எல்லாம் தண்ணி கொதிக்கற மாதிரி கேக்கும், நல்ல ஃபைலா கேட்டு வாங்குங்க. போனுல வாட்ஸ்அப்ல அனுப்புனத கூட வாங்காதீங்க.

---

கடைசி_பெஞ்ச்_காரைக்கால்

காரைக்கால்ல இருந்து ஒரு சின்ன சேர்க்கை. இத என்மிக்ஸ் கண்டுபுடிச்சதா நெனச்சுக்காதீங்க. 2013 ஜனவரி 1ஆம் தேதி கேர்ள்ஸ் ஜெனரேஷன்னு இன்னொரு கொரியா பொண்ணுங்க குரூப்பு 'ஐ காட் எ பாய்' விட்டாங்க, 9 பேரு, ஒரே பாட்டுல வேகம் மாறி மாறி போகும், நடுவுல பாடுறவங்களே நிறுத்தி, வேற மாதிரி சொல்றேன்னு அறிவிச்சுட்டு மாத்துவாங்க, அப்புறம் 140க்கு திரும்ப போலாம்னு டெம்போ நம்பரயே பாட்டுல சொல்லுவாங்க! மைக்செட் அண்ணனுக்கு அத போட்டிருந்தா நிறுத்திருக்க மாட்டாரு, அறிவிப்பு குடுத்துதானே மாத்தறாங்க. அந்த வருஷம் நவம்பர்ல யூட்யூப் முதல் தடவ குடுத்த மியூசிக் அவார்ட்ல வருஷத்தோட சிறந்த வீடியோ அதுதான், அப்பயும் பாதி பேரு இது பாட்டான்னு கேட்டாங்க. 10 வருஷத்துக்கு ஒரு தடவ இந்த சண்டை வரும்போல.

---

ழாக்_டீச்சர்

நான் பாண்டியில ஸ்கூல் புள்ளைங்களுக்கு பிரெஞ்சு சொல்லி குடுக்கறேன், என்மிக்ஸ என் வகுப்பு புள்ளைங்கதான் எனக்கு சொல்லி குடுத்துச்சுங்க, அந்த கதைய சொல்லிடறேன்.

ஆறாவது புள்ளைங்களுக்கு முதல் வாரம் எப்பவும் 'ஃப்ரேர் ழாக்' பாட்டு. தூங்கற சாமியார எழுப்பற பாட்டு, மணி அடிக்கற சத்தத்தோட முடியும், பாண்டியில பிரெஞ்சு எடுத்த எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அது ஒரு சுத்துப்பாட்டு, முதல் வரிசை பாடி ரெண்டாவது அடிக்கு போகும்போது அடுத்த வரிசை முதல் அடிய ஆரம்பிக்கணும், நாலு வரிசையும் சேந்தா ஒண்ணு மேல ஒண்ணு அழகா உக்காரும். நான் மூணாவது வரிசைக்கு கைய காட்டறேன், கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு வேற வார்த்த, வேற பீட்டுல அதே மெட்ட பாடுது. என்னம்மா இதுன்னேன். "மிஸ், இது என்மிக்ஸ் பாட்டு மிஸ்". 2023ல வந்த அவங்க 'யங், டம்ப், ஸ்டுபிட்'ல இந்த மெட்ட அப்படியே எடுத்து வச்சிருக்காங்க. அன்னைக்கு வீட்டுக்கு போய் கேட்டேன். நான் 15 வருஷமா சாக்பீஸ் கையோட பாடுன மெட்டு பூட்ஸ் போட்டுக்கினு வந்து நிக்குது. கோவம் வரல, சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அடுத்த நாள் வகுப்புல ரெண்டு வரிசை பிரெஞ்சுல, ரெண்டு வரிசை அவங்க வார்த்தையில பாடுனோம். பிரின்சிபால் எட்டி பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாரு.

ஓட்டி அண்ணனுக்கு ஒரு விஷயம். இதே மெட்ட மாலர்னு ஒரு ஆஸ்திரிய இசையமைப்பாளர் தன்னோட முதல் சிம்பொனியில எடுத்தாரு. மூணாவது பகுதியில அத சோக ஸ்வரத்துக்கு மாத்தி, சாவு ஊர்வலம் மாதிரி மெதுவா, அதுவும் டபுள் பேஸ்னு ஆளு உயர வயலின் மாதிரி வாத்தியம் ஒண்ண தனியா ஆரம்பிக்க விட்டாரு. சரி சோகம்னு நாம உக்காரும்போது, நடுவுல தெருவுல கல்யாண பேண்டு வாசிக்கற மாதிரி ஒண்ணு நுழையும், ஒரு அறிவிப்பும் இல்லாம. சாவு மேளமும் கல்யாண மேளமும் ஒரே தெருவுல எதிர எதிர வந்த மாதிரி. 1889ல புடாபெஸ்ட்ல முதல்ல வாசிச்சப்ப ஜனங்களுக்கு புடிக்கல, குழம்பி போனாங்க. இன்னைக்கு அது உலகம் பூரா வாசிக்கற சிம்பொனி. அதுக்காக இந்த பொண்ணுங்க மாலர்னு நான் சொல்லல, பயப்படாதீங்க. தையல் தெரியறத வச்சு மட்டும் தள்ளிடக்கூடாதுன்னு சொல்றேன்.

மைக்செட் சார், அந்த ஃப்ரேர் ழாக் பாட்டுல இருந்து ஆரம்பிங்களேன். மெட்டு ஏற்கனவே காதுல இருக்கறதால, சுத்தி இருக்கறது மாறும்போது நமக்கு பிடிமானம் இருக்கும். ஜூன் 21ஆம் தேதி இங்க ஃபெத் த லா ம்யூசிக் நடக்கும்போது வாங்க, பிரான்ஸ்ல 1982ல ஆரம்பிச்ச விழா, அன்னைக்கு ஒரு தெரு முனையில நின்னா இடது காதுல ஒரு பேண்டு வலது காதுல ஒரு பேண்டு, யாரும் யாரையும் நிறுத்தறதில்ல :)

---

ஓட்டி_பழைய_காது

டீச்சரம்மா சாவு மேளம் கல்யாண மேளம்னு சொன்னதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, எங்க தெருவுல நெசமாவே நடந்திருக்கு, ரெண்டு பக்கமும் ஒதுங்க மாட்டேன்னு நின்னு, கடைசியில கல்யாண வீட்டுக்காரங்க மேளத்த நிறுத்தி வழி விட்டாங்க. சரி, மாலர கேக்கறேன். அந்த பொண்ணுங்கள பத்தி என் கருத்துல மாத்தம் இல்ல.

---

லாஸ்பேட்டை_ஸ்வாலோ

மாலர கேப்பீங்க எங்க புள்ளைங்கள கேக்க மாட்டீங்களா, ஏண்ணே இந்த ஓரவஞ்சன 😭

---

மைக்செட்காரன்_மஞ்சக்குப்பம்

எல்லாருக்கும் நன்றி, லேட்டா வரேன், நடுவுல ரெண்டு கல்யாணம் ஒரு தெறப்பு விழா.

சொன்னபடி செஞ்சேன். மொதல்ல பஸ்ல. கடலூர்ல இருந்து பாண்டிக்கு ஆம்ப் ஒண்ணு ரிப்பேருக்கு எடுத்துக்கினு போனேன், மடியில ஆம்ப், காதுல ஹெட்போன். ஆல்பேட்டையில பார்ட் 1 போட்டேன், கொஞ்ச தூரம் தாண்டுனதும் பார்ட் 2, முள்ளோடை செக்போஸ்ட்ல பஸ்ஸு நின்னப்ப பழைய 'ஓ.ஓ'. பாப்பா சொன்ன மாதிரி ரெண்டு பேரையும் தனியா பாத்துட்டு வந்ததால, பாதியில மாறும்போது ஓ இவன் வந்துட்டானான்னு இருந்துச்சு, பயப்படல. ஆனா பாருங்க, மாறுற எடத்துல என் வலது கை தானா எழுந்து ஆம்ப் மேல எதையோ தேடுது. 22 வருஷ பழக்கம். பக்கத்து சீட்டு அம்மா ஒரு மாதிரி பாத்தாங்க.

அப்புறம் குடோன்ல ராத்திரி ஒரு பாக்ஸு ஒரு டாப்பு மட்டும் வச்சு போட்டு பாத்தேன். பேடு தம்பி சொன்ன அந்த கால் தட்டற பரீட்சை. பேப்பர்ல ஒவ்வொரு பாட்டுக்கும் நேரா கால், குரல், வேகம்னு மூணு கட்டம் போட்டு டிக் அடிச்சேன், சிரிக்காதீங்க, கணக்கு நோட்டுலதான். முக்காவாசி பாட்டுல எதாவது ஒரு கட்டத்துல டிக் விழுது. ரெண்டு பாட்டுல எதுலயும் விழல, அது எனக்கு இன்னும் ஃபெவிகாலாத்தான் படுது, அத பாப்பாகிட்ட சொன்னேன். கோச்சுக்கும்னு பாத்தா, "எந்த ரெண்டு?"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். "அதுல ஒண்ணு எனக்கும் அப்படித்தான்ப்பா"ன்னு சொல்லிட்டு போயிடுச்சு. எந்த ஒண்ணுன்னு சொல்லல.

தக்கிட தக்கிட தகவும் சொல்லி பாத்தேன். சொல்லிக்கினே குடோன்ல ஒயர் சுத்துனேன், என் அசிஸ்டன்ட் பையன் இன்னாண்ணே பரதநாட்டியம் கத்துக்கறீங்களான்னு கேட்டான்.

டீச்சரம்மா சொன்ன அந்த மணி அடிக்கற மெட்டு பாட்டுதான் வீட்டுல எல்லாருக்கும் புடிச்சது. எங்க அம்மாவுக்கு 74 வயசு, அந்த மெட்டு வந்ததும் "இது கான்வென்ட் பாட்டாச்சே, நம்ம எதிர் வீட்டு புள்ள பாடுமே"ன்னாங்க. கொரியான்னு சொன்னா நம்பல.

27ஆம் தேதி முடிஞ்சுது. நல்ல ஃபைல் கேட்டு வாங்கிட்டேன். கனமான எடத்துல லெவல் வச்சேன். அந்த பாட்டு சேனல் ஃபேடர் மேல வெள்ளை டேப்பு ஒட்டி 'தொடாதே'ன்னு பெரிய எழுத்துல எழுதி வச்சேன், அசிஸ்டன்ட் பையனுக்குன்னு சொல்லிட்டேன், உண்மையில எனக்குத்தான். பாட்டு மாறுற எடம் வந்துச்சு, பேஸு விழுந்துச்சு, கிட்டார் வந்துச்சு, ரெண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கினு நின்னேன். அந்த எடத்துல 6 பொண்ணுங்களும் மேடைய விட்டு கீழ குதிச்சு கூட்டத்துக்குள்ள ஓடுச்சுங்க. ரிகர்சல்ல கைய தூக்கிக்கினு நின்னுச்சுங்களே, அது குதிக்கறதுக்கு முன்னாடி வைக்கற போஸாம். நான் நிறுத்துனது சரியா குதிக்கற நொடி. யாரு காலாவது முறிஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்னு இப்ப நெனச்சா வயித்த கலக்குது.

ரெண்டாவது பரிசு. முதல் பரிசு கரகம் ஆடுன டீமுக்கு, அது நியாயம்தான், அதுங்க ஆட்டம் அப்படி.

இப்ப ஒரு புது பிரச்சன. அடுத்த பங்ஷனுக்கு இதுங்க 'டாஷ்' போடணுமாம், அதுவும் இதே குரூப்பு. அது எங்க மாறும்னு யாராவது முன்னாடியே சொல்லிடுங்க.

---

பேடு_வாசிக்கறவன்

அண்ணே பாக்கெட்டுல கை விட்ட எடம் படிச்சு கை தட்டிட்டேன். 'டாஷ்' 2024 ஜனவரி, பழைய ஹிப்ஹாப்பும் பாப் பங்க்கும் கலந்தது. எங்க மாறும்னு சொல்ல மாட்டேன். டேப்ப கழட்டாதீங்க, அவ்ளோதான்.

---

லாஸ்பேட்டை_ஸ்வாலோ

அங்கிள் அந்த ஆல்பத்தோட பேரு 'எஃப்இ3ஓ4: பிரேக்', இரும்பு ஆக்ஸைடு, காந்தக்கல்லு. ஸ்பீக்கருக்குள்ள காந்தத்தோட 22 வருஷம் வாழ்றவரு நீங்க, அதெல்லாம் உங்களுக்கு புடிச்சுடும்.

---

ஓட்டி_பழைய_காது

மைக்செட் தம்பி, மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்துல எங்க தெரு சாமி எறங்குது, ரெண்டு பாக்ஸும் நாலு குழாயும் வேணும், ரேட்டு சொல்லு. பக்திப் பாட்டு மட்டும். நடுவுல எதுவும் மாறக்கூடாது.